வாரண்ட் இல்லாமல் கைது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் குடும்பம் முதலில் கேட்பது, “வாரண்ட் காட்டவே இல்லையே, எப்படிக் கூட்டிக்கிட்டுப் போகலாம்?” என்பதுதான். அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. பல குற்றங்களில் சட்டம் வாரண்ட்டே கேட்பதில்லை. கேட்க வேண்டியவை வேறு: எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், கைது செய்தே தீர வேண்டிய அவசியம் என்ன? கைது செய்ய அதிகாரம் இருப்பது ஒன்று, கைது செய்யத் தேவை இருப்பது இன்னொன்று. வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

இப்போது எந்தச் சட்டம்? 41, 41ஏ என்கிறார்களே?

அவை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். பழைய 41-ம் 41ஏ-யும் இதில் 35-ஆவது பிரிவுக்குள் வந்துவிட்டன. முன்னெச்சரிக்கைக் கைதுக்கான பழைய 151 இப்போது 170. குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். கோர்ட் வராந்தாவில் இன்னும் பழைய எண்கள்தான் புழங்குகின்றன. மனு எழுதும்போது மட்டும் புதிய எண்ணைப் போடுங்கள்.

வாரண்ட் இல்லாமல் எப்போதெல்லாம் கைது செய்யலாம்?

குற்றங்கள் இரண்டு வகை: போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியவை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் தொட முடியாதவை. எது எந்த வகை என்று பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணை ஒவ்வொரு பிரிவுக்கும் சொல்கிறது.

முதல் வகைக் குற்றத்தை போலீஸ்காரர் கண்ணெதிரே செய்தால் கைது செய்யலாம். கண்ணெதிரே நடக்காதபோது தண்டனை அளவைப் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுக்கு மேல் சிறையோ மரண தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இருந்து, நம்பத்தகுந்த தகவலின் பேரில் அவர்தான் செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தால் கைது செய்யலாம். ஏழு ஆண்டு வரை என்றால் அது போதாது. மேலும் குற்றம் செய்யாமல் தடுக்க, முறையாகப் புலன்விசாரணை செய்ய, ஆதாரத்தை அழிக்காமல் தடுக்க, சாட்சிகளை மிரட்டாமல் தடுக்க, கோர்ட்டுக்கு வருவதை உறுதி செய்ய என்ற ஐந்தில் ஒன்றுக்காகக் கைது அவசியம் என்று எழுதி வைக்க வேண்டும். கைது செய்யாமல் விட்டாலும் அதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவர், சந்தேகத்துக்குரிய திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர், போலீஸ் வேலையைத் தடுத்தவர், காவலிலிருந்து தப்பியவர், ராணுவத்தை விட்டு ஓடி வந்தவர் ஆகியோருக்கும் வாரண்ட் தேவையில்லை. இரண்டாம் வகைக் குற்றத்தைப் போலீஸ் முன்னாலேயே செய்துவிட்டுப் பெயர், முகவரி சொல்ல மறுப்பவரையும் 39-ஆவது பிரிவில் பிடிக்கலாம். முகவரி உறுதியானதும் பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும்.

வாய்த்தகராறு, கைகலப்பு. இதற்கும் கைதா?

வரப்புச் சண்டையோ குழாயடிச் சண்டையோ, எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் மூன்று பி.என்.எஸ். பிரிவுகள் சேர்ந்தே வரும்: ஆபாசமாகத் திட்டியதற்கு 296 (பி), காயப்படுத்தியதற்கு 115 (2), மிரட்டியதற்கு 351. ஆயுதம் இல்லாமல் அடித்த 115 (2) தனியாக வந்தால் போலீஸ் நேரடியாகக் கைது செய்ய முடியாது. ஆனால் 296 (பி) முதல் வகை. தண்டனை மூன்று மாதம்தான் என்றாலும், ஒரே வழக்கில் ஒரு பிரிவாவது முதல் வகையாக இருந்தால் மொத்த வழக்கையும் அப்படியே நடத்தலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 174-ஆவது பிரிவு. திட்டிய வார்த்தைகளைப் புகாரில் அச்சு அசலாக எழுதச் சொல்வதன் சூட்சுமம் இதுதான்.

கம்போ கத்தியோ வந்துவிட்டால் 118 (1). மூன்று ஆண்டு வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாத குற்றம். அதே சம்பவத்துக்குக் கொலை முயற்சி என்று 109 போட்டால் பத்து ஆண்டு வரை, காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை போகும், ஏழாண்டுப் பாதுகாப்பு நழுவிவிடும். ஆகவே எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் அதிலுள்ள மிகப் பெரிய பிரிவு எது, காயச் சான்றிதழ் அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத பிரிவை வக்கீல் முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் சுட்டிக்காட்டலாம்.

சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டிருந்தால் அது புகார் பெற்றதற்கான பதிவுதான், எஃப்.ஐ.ஆர். அல்ல. அதைக் காட்டிக் கைது செய்ய முடியாது.

ஏழாண்டுக்குள் என்றால் நோட்டீஸ் வரும் என்கிறார்களே, அது என்ன?

கைது தேவையில்லை என்று முடிவெடுத்தால் 35 (3)-இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக்கியது: வழக்குப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் நோட்டீஸ் போக வேண்டும், நீட்டிக்க எஸ்.பி. எழுத்தில் காரணம் காட்ட வேண்டும், காரணப் பட்டியல் இல்லாமல் கைது செய்யும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் பாயும், கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டும் பதில் சொல்ல வேண்டும். திருட்டு, மோசடி, வரதட்சணைக் கொடுமை என வீடுகளைத் தொடும் வழக்குகள் பலவும் இந்த ஏழாண்டு வட்டத்துக்குள்தான் வருகின்றன.

நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் “ஒத்துழைக்கவில்லை” என்று எழுத இடம் கொடுத்ததாகும். வாங்கிய தேதியையும் நேரத்தையும் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் போக முடியாவிட்டால் அதற்கு முன்பே காரணத்தை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி வேறு தேதி கேளுங்கள். போய் வந்தால், வந்து போனதற்கு எழுத்தில் ஏதாவது வாங்குங்கள், தர மறுத்தால் அன்றே அதையும் தபாலில் பதிவு செய்யுங்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு நடப்பவரை, புதிதாகக் காரணம் எழுதாமல் அந்த வழக்கில் கைது செய்யக் கூடாது.

இங்கே பலர் சறுக்குவது முதல் நோட்டீஸுக்குப் போய்விட்டு இரண்டாவதை அலட்சியம் செய்வதில்தான்.

வாட்ஸ்அப்பில் வந்தால்?

செல்லாது. 35-ஆவது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகப் பார்த்தும் பார்க்காதது போல இருக்க வேண்டாம். முறைப்படி நோட்டீஸ் தந்தால் ஆஜராகத் தயார் என்று வக்கீல் மூலம் எழுதி அனுப்புவது புத்திசாலித்தனம்.

கடனைத் திருப்பவில்லை என்று ஸ்டேஷனில் உட்கார வைக்கலாமா?

கூடாது. கைமாற்று, வாடகை பாக்கி, தோல் சரக்குக்கான பாக்கி எல்லாம் சிவில் விவகாரம். செக் பவுன்ஸ் வழக்கு நேரடியாகக் கோர்ட்டில் போடுவது. அதில் போலீஸ் தானாகக் கைது செய்ய இடமில்லை. சம்மனுக்குப் போகாமல் கோர்ட் வாரண்ட் பிறப்பித்தால் நிலைமை வேறு. ஏலச்சீட்டுப் பணம் சிக்கலானது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகப் புகார் வந்தால் பி.என்.எஸ். 318 (4) மோசடி, ஏழு ஆண்டு வரை, அதாவது நோட்டீஸ் வட்டம். நிதி நிறுவனமாகப் பலரிடம் டெபாசிட் வாங்கிய வழக்கென்றால் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேரும், அதில் பத்து ஆண்டு வரை தண்டனை.

சிறு திருட்டிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் அது இரண்டாம் வகைக் குற்றம். பழைய செல்போனா புது செல்போனா என்ற வாதம் இப்போது முக்கியமாகிவிட்டது.

“சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்” என்று கூட்டிப் போகிறார்கள். இது கைதா?

கிளம்பி வர முடிகிறதா என்பதுதான் சோதனை. 43-ஆவது பிரிவின்படி உடலைத் தொட்டோ அடைத்தோ வைத்தால், அல்லது சொல்லாலோ செயலாலோ அவர் கட்டுப்பட்டால் அது கைது. போனை வாங்கி வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார வைத்து, வெளியே விடாமல் இருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது காவல்தான்.

முன்தினம் மாலை பிடித்துவிட்டு மறுநாள் காலை கைது செய்ததாகக் கைது மெமோவில், அதாவது கைது விவரம் எழுதும் தாளில், எழுதுவதுதான் அதிகம் வரும் புகார். அதை உடைக்க நேரத்தைக் காட்டும் சாட்சியம் வேண்டும்: வீட்டிலிருந்து கூட்டிப்போன நேரத்தில் நீங்கள் செய்த போன் அழைப்பு, தெருக்கடை கேமரா, எஸ்.பி. அலுவலகத்துக்கு உடனே அனுப்பிய சிறு மனு. எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவு. எந்தத் தேதி, எந்த நேரப் பதிவு வேண்டும் என்று குறிப்பிட்டுப் பாதுகாக்கச் சொல்லி அந்த வாரத்திலேயே எழுதிக் கொடுங்கள். தாமதித்தால் “கேமரா ரிப்பேர்” என்ற பதிலே கிடைக்கும்.

வெறும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவரையும், 60 வயதைக் கடந்தவரையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். இது 179-ஆவது பிரிவு.

கைது செய்யும்போது என்னென்ன நடந்தாக வேண்டும்?

கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைது மெமோவில் தேதி, நேரம் எழுதி, குடும்பத்தவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் நேரம் எழுதும் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியென்றால் உங்கள் கையெழுத்துக்குக் கீழே நீங்களே நேரத்தை எழுதுங்கள்.

உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் சொல்லி, யாருக்குச் சொன்னோம் என்று ஸ்டேஷன் பதிவேட்டில் எழுத வேண்டும். கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். பிரிவு எண்ணை மட்டும் சொல்வது காரணம் ஆகாது. எதற்காக இவரை என்பது வர வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் இந்தக் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், உடனடியாக முடியாதபோது வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும் என்றது. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்குபவர்கள் நிறைந்த ஊர் இது. தமிழில் எழுதிய காகிதத்தை அவர்களிடம் நீட்டிக் கையெழுத்து வாங்குவது போதாது.

பிறகு மருத்துவப் பரிசோதனை. வேலூரில் பெரும்பாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். காயம் இருந்தால் டாக்டரிடம் சொல்ல இதுவே முதல் வாய்ப்பு. அறிக்கையின் நகல் கைதானவருக்கு உரியது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் கூடவே உட்கார வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. பறிமுதல் செய்த மோதிரம், பர்ஸ், பணத்துக்கு ரசீது கேளுங்கள்.

பெண்களை ராத்திரியில் கைது செய்யலாமா?

சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால், பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை தந்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பெண் காவலர் அல்லாதவர் தொடக் கூடாது. உடல் சோதனையும் பெண்தான் செய்ய வேண்டும். ஒரு சங்கடமும் உண்டு: இந்த நேரக் கட்டுப்பாடு வழிகாட்டுவது மட்டுமே, மீறினாலேயே கைது செல்லாமல் போகாது, ஆனால் மீறிய அதிகாரி விளக்கம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025-இல் சொல்லியிருக்கிறது. எனவே இந்த ஒன்றை மட்டும் நம்பி ஜாமீன் மனுவைக் கட்டாதீர்கள்.

வயதானவர்கள், பிள்ளைகள்?

தண்டனை மூன்றாண்டுக்குக் குறைவு, அத்துடன் அவர் 60 வயதைக் கடந்தவர் அல்லது உடல் தளர்ந்தவர் என்றால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். சரியாக மூன்றாண்டு என்றால் இந்தச் சலுகை கிடைக்காது.

18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது, விலங்கும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் பெற்றோரின் முதல் வேலை.

இருபத்திநாலு மணி நேரம் எப்போது தொடங்கும்?

பிடித்து வைத்த நேரத்திலிருந்து. கோர்ட்டுக்குப் போகும் பயண நேரம் மட்டுமே கழியும். ஞாயிறு, பொங்கல் என்ற கணக்கு கிடையாது. லீவு நாளில் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே நிறுத்துவார்கள். குடியாத்தத்திலோ பேர்ணாம்பட்டிலோ பிடிபட்டாலும் பயணம் சில மணி நேரம்தான், “தூரம்” என்ற சாக்கு இந்த மாவட்டத்தில் எடுபடாது. மாஜிஸ்திரேட் முன் நின்றதும் சொல்ல வேண்டியவை: பிடித்த உண்மையான நேரம், அடி விழுந்ததா, காரணம் எழுத்தில் தந்தார்களா. அன்று சொல்லாததை ஒரு மாதம் கழித்துச் சொன்னால் எடை குறைந்துவிடும். ரிமாண்ட் ஆனால் ஆண்களைத் தொரப்பாடி மத்திய சிறைக்கோ கிளைச் சிறைக்கோ அனுப்புவார்கள். பெண்களுக்கு வேலூரிலேயே தனிச் சிறை இருக்கிறது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் கோர்ட் வரை போகவே வேண்டியதில்லை. ஸ்டேஷன் பெயில் உரிமை, தயவு அல்ல. ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் உள்ளேயே இருந்தால், வசதியற்றவர் என்று கொண்டு சொந்தப் பிணைப் பத்திரத்தில் விட வேண்டும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அங்கேயே கைதா?

சீருடையில் இருக்கும் போலீஸ், தன் கண்ணெதிரே ஆபத்தாக ஓட்டியவரையும் குடித்துவிட்டு ஓட்டியவரையும் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். ஆனால் குடிபோதைக் கைதில், இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு. ஹெல்மெட் போடாததற்குக் கைது இல்லை. பெயர், முகவரி சொல்ல மறுத்தால்தான் சிக்கல்.

திருடனை நாங்களே பிடித்தால்?

பிடிக்கலாம். உங்கள் கண்ணெதிரே, ஜாமீனில் விட முடியாத முதல் வகைக் குற்றம் நடந்திருக்க வேண்டும், உதாரணமாகப் பஸ் நிலையத்தில் செயின் பறிப்பு. ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி அடித்தால் அடுத்த எஃப்.ஐ.ஆர். உங்கள் மேல்தான்.

ஆந்திரா போலீஸ் காட்பாடிக்கு வந்து தூக்கிப் போகலாமா?

வாரண்ட் இல்லாமல் கைது செய்யத் தக்கவரை இந்தியாவின் எந்த மூலைக்கும் துரத்திப் போகலாம் என்கிறது 45-ஆவது பிரிவு. செம்மர வழக்குகளில் எல்லை தாண்டிப் போலீஸ் வருவது இதை வைத்துத்தான். எல்லை தாண்டினாலும் மெமோ, காரணம், தகவல், 24 மணி நேரம் எதுவும் தளராது. சித்தூர் பக்கத்திலேயே இருப்பதால் அங்குள்ள கோர்ட்டுக்கே நேரே கொண்டு போவார்கள். ஆகவே உள்ளூர் ஸ்டேஷனில் காத்திருக்காமல் அங்கே ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

இன்னொரு குழப்பம்: காட்பாடி ஜங்ஷனுக்குள் பிடிபட்டவரை ஊர் ஸ்டேஷனில் தேடுவார்கள். அவர் ரயில்வே போலீஸிடமோ ரயில்வே பாதுகாப்புப் படையிடமோ இருப்பார்.

குற்றமே செய்யாதவரை முன்னெச்சரிக்கையாகப் பிடிக்கலாமா?

170-ஆவது பிரிவு அதற்குத்தான்: முதல் வகைக் குற்றம் செய்யத் திட்டமிடுவது தெரிந்து, வேறு வழியில் தடுக்க முடியாதபோது மட்டும். 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. போலீஸின் சட்டப்படியான உத்தரவை மீறிச் சாலையில் உட்கார்ந்தால் 172-இன்படி அகற்றலாம். திருமண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவது இந்த வகை. குண்டர் சட்டம் இது அல்ல. அங்கே கலெக்டரின் உத்தரவு வேண்டும், வழி வேறு.

வீடியோ காலில் “நீங்கள் கைது” என்றால்?

அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை. நேரில் வராமல் போனிலேயே யாரையும் கைது செய்ய முடியாது. போனை வைத்துவிட்டு 1930-க்கு அழையுங்கள்.

கூட்டிப் போனவர் எங்கே என்றே தெரியவில்லை. முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது?

முதலில் மாவட்டம் எது என்று பாருங்கள். பழைய வடஆற்காட்டு நினைப்பில் எல்லாரும் வேலூருக்கே வருகிறார்கள். 2019 பிரிவினைக்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் எஸ்.பி.யிடம், ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை எஸ்.பி.யிடம். கைதானவர் பெயர், கைது செய்தவர் பெயர் எல்லாம் அந்தந்த மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதற்கென உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரை நியமித்திருக்க வேண்டும் என்பது 37-ஆவது பிரிவு. கேட்ட நேரத்தையும் பதில் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ரிமாண்ட் நேரத்திலேயே இலவசமாக வக்கீல் தரும். ஸ்டேஷன் “இங்கே இல்லை” என்று மறுத்தால், சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரைத் தேடச் சொல்லி 100-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். 24 மணி நேரம் கடந்துவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. இரண்டுக்கும் அடிப்படை நீங்கள் குறித்து வைத்த நேரங்கள்தான்: கூட்டிப்போன நேரம், போன் செய்த நேரம், பதில் கிடைத்த நேரம்.